மாசு ஆய்வும் மாதிரித் தயாரிப்பும்

1974ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராஜஸ்தானத்தின் பன்ஸ்வாரா மாவட்டத்திலும், அதை அடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், பழங்குடி மக்கள் வாழும் 150க்கும் மேற்பட்ட கிராமங்களில் காமாலையைப் போன்ற ஒரு நோய் தோன்றியது. நோயுற்றவர்களின் கண்கள் மஞ்சளித்தன. வயிற்றில் நீர் கோத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே வீடுகளில் வளர்ந்த நாய்களும் அதே அறிகுறிகளுடன் மாண்டன. நோய்க்குக் காரணம் கிருமி அன்று. பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்து, சரிவர உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சணமும், அது உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சுமே காரணம் என்பதை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

பாதிக்கப்பட்ட வீடுகளிலிருந்து எடுக்கப்பட்ட சோளத்தில் கிலோகிராமுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அந்த நஞ்சு இருந்தது. தானியங்களில் இன்று நம் நாட்டில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு கிலோகிராமுக்கு 15 மைக்ரோகிராம் ஆகும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். எனவே அம்மக்கள் உண்ட சோளத்தில் இருந்த நஞ்சு இன்றைய வரம்பைப் போல் நானூறு முதல் ஆயிரம் மடங்கு வரை ஆகும்.

இந்த முடிவுக்கு வர உதவியவை ஆய்வுக்கூடத்தின் கருவிகள் மட்டும் அல்ல. நோயாளிகள் உண்ட அதே தானியம், அவர்களுடைய வீட்டுக் குதிர்களிலிருந்தே எடுக்கப்பட்டது. சந்தையில் விற்ற வேறு சோளத்தை எடுத்து ஆராய்ந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். கருவி தன்னிடம் வந்த பொருளை மட்டுமே அளக்கும். வராத பொருளைப் பற்றி அது ஒன்றும் கூறாது. மாசு ஆய்வில் மாதிரியை எடுப்பதும், பாதுகாப்பதும், தயாரிப்பதும் ஏன் முதலிடம் பெறுகின்றன என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பிழையின் பிறப்பிடம்

மாதிரி என்பது ஒரு பெரும் தொகுதியின் பிரதிநிதி. ஒரு லாரி நிலக்கடலை, ஒரு கிராமத்தின் குழாய்க் கிணறு, ஓர் ஏக்கர் நிலம் ஆகியவற்றை முழுமையாக ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்ல இயலாது. அவற்றிலிருந்து சில கிலோ அல்லது ஒரு புட்டி அளவே எடுக்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்தும் சில கிராம் பிரிக்கப்படுகிறது. இறுதியில் கருவிக்குள் செல்வது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். பல டன் சரக்கின் தலைவிதி அந்தச் சிறு துளியில் தங்கியுள்ளது.

இந்த நீண்ட சங்கிலியில் மூன்று வகைப் பிழைகள் நேரலாம். எடுத்த மாதிரி தொகுதியைப் பிரதிபலிக்காமல் போகலாம். மாதிரியில் இருந்த மாசு வழியிலேயே அழிந்தோ, ஆவியாகியோ, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டோ குறைந்துவிடலாம். இல்லாத மாசு வெளியிலிருந்து வந்து சேரலாம். கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருப்பினும் இம்மூன்றில் ஒன்றையும் அதனால் திருத்த இயலாது. தவறான மாதிரிக்கும் அது மூன்று தசம இடங்கள் வரை துல்லியமான ஓர் எண்ணைத் தந்துவிடும் என்பதே இதிலுள்ள அபாயம்.

ஒரு கடலைப் பருப்பின் கணக்கு

முதல் வகைப் பிழையை விளக்க நிலக்கடலையே தக்க எடுத்துக்காட்டு. அஃப்ளடாக்சின் ஒரு மூட்டையில் சீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் தூய்மையாக இருக்கும். பூஞ்சணம் பிடித்த மிகச் சில பருப்புகளில் மட்டும் நஞ்சு செறிந்திருக்கும். ஒரே பருப்பில் கிலோகிராமுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுகூட அறியப்பட்டுள்ளது.

அத்தகைய பருப்பு ஒன்றின் எடை அரை கிராம் எனக் கொள்வோம். அதனுள் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். அது 20 கிலோ கடலையில் கலந்திருந்தால், அதாவது ஏறத்தாழ 40,000 பருப்புகளில் ஒன்றாக இருந்தால், அந்த 20 கிலோவின் சராசரி அளவு கிலோகிராமுக்கு 25 மைக்ரோகிராம் ஆகும். வரம்பு 15 ஆகையால் அந்தச் சரக்கு உண்ணத் தகாதது.

இப்போது ஓர் அலுவலர் மூட்டையின் வாயிலிருந்து 200 கிராம் மட்டும் அள்ளி அனுப்புவதாகக் கொள்வோம். அதில் சுமார் 400 பருப்புகள் இருக்கும். அந்த ஒரு நச்சுப் பருப்பு அதில் அகப்படுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றே. ஆகவே நூறு அலுவலர்களில் தொண்ணூற்றொன்பது பேருடைய அறிக்கை ‘நஞ்சு இல்லை’ என்று வரும். எஞ்சிய ஒருவருடைய அறிக்கை 2,500 மைக்ரோகிராம் என்று வரும். உண்மையான அளவாகிய 25 எந்த அறிக்கையிலும் இடம்பெறாது. நூறு ஆய்வுகளிலும் கருவி சரியாகவே வேலை செய்திருக்கும்.

இதனால்தான் மேலும் பதப்படுத்துவதற்கான நிலக்கடலைக்கு, தோல் நீக்கிய பருப்பாயின் 20 கிலோ மாதிரி எடுக்க வேண்டும் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பாகிய கோடெக்ஸ் வகுத்துள்ளது. அந்த 20 கிலோவும் ஒரே இடத்திலிருந்து அள்ளப்படுவதன்று. சரக்கின் மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடங்களிலிருந்து சிறு சிறு அளவாக எடுத்துச் சேர்க்கப்படுவது. மூட்டையைக் குத்தித் தானியம் எடுக்கும் குத்தூசி இதற்குப் பயன்படும். எனினும் கைக்கு எட்டும் மூட்டைகளை மட்டும் குத்தி எடுப்பது போதாது. சரக்கை ஏற்றும்போதோ இறக்கும்போதோ, அது ஓடும் நிலையில் இடைவெளி விட்டு எடுப்பதே சிறந்த முறையாகும்.

அடுத்த படி அரைத்தலும் கலத்தலும் ஆகும். பலர் இங்குத்தான் தவறுகின்றனர். 20 கிலோவையும் கொண்டுவந்து, அதிலிருந்து 100 கிராமைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் அரைத்தால் பெரிய மாதிரி எடுத்த பயனே கெட்டுவிடும். முழுவதையும் அரைத்து மாவாக்கிய பின்னரே பிரிக்க வேண்டும். நச்சுப் பருப்பு ஒன்று இலட்சக்கணக்கான துகள்களாக உடைந்து பரவினால்தான் எடுக்கும் ஒவ்வொரு பிடியிலும் அதன் பங்கு இருக்கும். நீர் சேர்த்துக் குழம்பாக அரைத்தால் துகள்கள் இன்னும் சீராகக் கலக்கும். மாவைக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு கால்பகுதிகளைச் சேர்த்து மீண்டும் கலந்து பகுக்கும் ‘நாற்கூறு முறை’ எளியது, செலவற்றது. மண், தானியம், உரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

குழாய்க் கிணற்றின் நீர்

இரண்டாம் வகைப் பிழை மாசு மறைந்துபோவது. மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கினால் தோல் நோயுற்றவர்கள் 1983இல் கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டனர். கங்கைச் சமவெளியின் பல மாவட்டங்களில் இச்சிக்கல் இருப்பது பின்னர் தெரியவந்தது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை.

இப்பகுதியின் நிலத்தடி நீரில் பெரும்பாலும் இரும்பும் கலந்திருக்கும். பூமிக்கடியில் பிராண வாயு இன்மையால் அந்த இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. நீர் தெளிவாகத் தோன்றும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகத் திரிந்து செம்பழுப்பு நிறத் துணுக்குகளாகப் படியத் தொடங்கும். ஆர்சனிக் அத்துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு புட்டியின் அடியிலும் சுவரிலும் தங்கிவிடும். சில நாட்கள் கழித்து ஆய்வாளர் மேலிருக்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அளந்தால் ஆர்சனிக் குறைவாகவே காணப்படும். நச்சுக் கிணறு பாதுகாப்பான கிணறு என்று பதிவாகும். அதன் நீரைக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து குடித்துவருவார்கள்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. கிணற்றங்கரையிலேயே, நீர் எடுத்த உடனே, தூய நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து நீரின் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமிலச் சூழலில் இரும்பு படியாது. உலோகங்கள் சுவரில் ஒட்டா. இவ்வாறு பாதுகாத்த நீரைப் பெரும்பாலான உலோக ஆய்வுகளுக்கு ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். பாதரசத்துக்கு மட்டும் 28 நாட்களே தவணை.

இங்கு ஒரு வரிசை முறை கவனிக்கத்தக்கது. குடிப்பவர் உட்கொள்ளும் மொத்த அளவு தேவையெனில் நீரை வடிகட்டாமல் அமிலம் சேர்க்க வேண்டும். கரைந்துள்ள அளவு மட்டும் தேவையெனில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய பின்னரே அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தை முதலில் சேர்த்துவிட்டால் மிதக்கும் மண்ணிலுள்ள உலோகமும் கரைந்து வந்து கணக்கைக் கூட்டிவிடும். எதை நாடி ஆய்வு நடக்கிறது என்பதை மாதிரி எடுப்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். குழாயிலும் ஏற்றுக் குழலிலும் தேங்கியிருந்த நீர் வெளியேறும் வரை சில நிமிடங்கள் அடித்து விட்ட பிறகே புட்டியைப் பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

உலோகத்திற்குச் செய்யும் முறை பூச்சிமருந்துக்குப் பொருந்தாது. பூச்சிமருந்து எச்சங்களுக்கான நீரை நெகிழிப் புட்டியில் எடுத்தால் மருந்தின் ஒரு பகுதி நெகிழியில் ஒட்டிக்கொள்ளும். நெகிழியிலிருந்து வேறு பொருள்கள் நீரில் இறங்கவும் கூடும். அதற்குப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி வேண்டும். ஒளி படாமல், 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிரில் வைத்து, ஏழு நாட்களுக்குள் கரைப்பானில் பிரித்தெடுத்துவிட வேண்டும். ஆகவே ஒரே கிணற்றுக்கு ஆய்வின் தன்மைக்கேற்ப இரண்டு மூன்று வகைப் புட்டிகள் தேவைப்படும்.

காய்கறியும் பூச்சிமருந்தும்

1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவும் மருந்தும் ஒரே கப்பலில் வந்தமையே இதற்குக் காரணமாயிற்று. 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறப்பதற்கு இத்துயரம் ஒரு தூண்டுதலாக அமைந்தது. இன்று வேளாண் அமைச்சகத்தின் தேசியப் பூச்சிமருந்து எச்சக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் காய்கறி, பழம், தானியம், பால், மீன் முதலியவை நாடெங்கும் ஆராயப்படுகின்றன.

காய்கறி மாதிரியில் எழும் முதல் வினா, எந்தப் பகுதியை ஆராய்வது என்பதாகும். நாம் வாழைப்பழத்தைத் தோலுரித்தே உண்கிறோம். ஆயினும் சட்ட வரம்பு முழுப் பழத்துக்கு வகுக்கப்பட்டிருப்பதால், காம்பை மட்டும் நீக்கித் தோலோடு அரைக்க வேண்டும். மாம்பழத்தில் கொட்டையை நீக்கி அரைத்தாலும், கணக்கிடும்போது கொட்டையின் எடையையும் சேர்த்து முழுப் பழத்துக்கே கணக்கிட வேண்டும். கோசில் அழுகியும் வாடியும் உள்ள இலைகளை மட்டும் களையலாம். கிழங்கில் ஒட்டிய மண்ணை மெல்ல அலசலாம். வீட்டுச் சமையலுக்குச் செய்வதுபோல் நன்றாகக் கழுவிவிட்டு ஆய்வுக்கு எடுத்தால், மேற்பரப்பிலிருந்த மருந்து கழுநீரோடு போய்விடும்.

காய்களை நறுக்கி அரைக்கும்போது செல்கள் உடைந்து நொதிகளும் சாறும் வெளிவருகின்றன. அரைக்கும் கருவியும் சூடேறுகிறது. கேப்டான், குளோரோதலோனில் போன்ற மருந்துகள் அந்நிலையில் விரைவில் சிதைந்துவிடும். எனவே காயைத் துண்டுகளாக்கி உறையவைத்து, உலர் பனிக்கட்டியோடு சேர்த்து அரைப்பது நல்லது. மருந்தும் அழியாது, கூழும் சீராக அமையும்.

பிரித்தெடுக்கும் முறையில் 2003ஆம் ஆண்டு பெரிய மாறுதல் ஏற்பட்டது. முன்பு லிட்டர் கணக்கில் கரைப்பானும் ஒரு நாள் உழைப்பும் தேவைப்பட்ட வேலையை, ‘கெச்சர்ஸ்’ என்ற புதிய முறை ஒரு சிறு குழாய்க்குள் அடக்கியது. 10 கிராம் கூழுடன் 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் சேர்த்துக் குலுக்குவர். பிறகு 4 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும் இட்டால் நீர் பிரிந்து கரைப்பான் தனியே மேலேறும். சுழற்றிப் பிரித்து, அமிலங்களையும் நிறப்பொருள்களையும் உறிஞ்சும் தூளால் தூய்மையாக்கினால் கருவிக்கு ஏற்ற திரவம் கிடைக்கும். பல நூறு மருந்துகளை ஒரே முயற்சியில் தேட இம்முறை உதவுகிறது. ஆனால் 10 கிராம் போதும் என்ற எளிமையே, அந்த 10 கிராம் முழுக் கூடையையும் குறிக்குமாறு செய்யும் பொறுப்பை மிகுவிக்கிறது.

வெளியிலிருந்து வரும் மாசு

மூன்றாம் வகைப் பிழை நாமே மாசைச் சேர்ப்பது. இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சனின் அனுபவம். பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளக்க முற்பட்ட அவர், எங்கும் பரவியிருந்த ஈயம் தம் மாதிரிகளைக் கெடுப்பதைக் கண்டு, மிகத் தூய்மையான ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். 1980இல் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் சூரை மீனின் தசையில் இயற்கையாக உள்ள ஈயம் கிராமுக்கு 0.3 நானோகிராம் மட்டுமே என்று காட்டினர். அதே வகை மீனுக்கு ஓர் அரசு ஆய்வுக்கூடம் தந்திருந்த அளவு 400 நானோகிராம். ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மீனில் இல்லை. அதைக் கையாண்ட முறையில் இருந்தது.

நம் ஆய்வுக்கூடங்களிலும் இதே ஆபத்து உண்டு. எஃகு அரைப்பான் குரோமியத்தையும் நிக்கலையும் தரலாம். கையுறைத் தூளிலிருந்து துத்தநாகம் வரலாம். சுவர் வண்ணமும் வீதித் தூசியும் ஈயத்தைத் தரலாம். எனவே உலோக ஆய்வுக்கான புட்டிகளை 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலச வேண்டும். மாதிரியைத் திறந்த உலையில் சாம்பலாக்கினால் பாதரசமும் ஆர்சனிக்கும் ஆவியாகிப் போகும். ஆகவே அரை கிராம் அளவு மாதிரியை மூடிய கலத்தில் நைட்ரிக் அமிலத்தோடு நுண்ணலை அடுப்பில் சிதைப்பது இன்று பரவலாகியுள்ளது.

இப்பிழைகளைக் கண்டறியும் காவலர்கள் மூவர். முதலாவது வெற்று மாதிரி. தூய நீரைப் புட்டியில் ஊற்றி, களத்துக்கு எடுத்துச் சென்று, எல்லாப் படிகளையும் அதற்கும் செய்தால், அதில் தென்படும் மாசு நாம் சேர்த்ததே என்பது புலனாகும். இரண்டாவது மீட்பு ஆய்வு. அறிந்த அளவு மாசை மாதிரியில் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது. பூச்சிமருந்து ஆய்வில் இது பொதுவாக 70 முதல் 120 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள். இம்மூன்றும் இல்லாத அறிக்கையை நம்புவதற்கு அடிப்படை இல்லை.

சட்டமும் மாதிரியும்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. இரண்டு நியமன அலுவலரிடம் வைக்கப்படுகின்றன. வணிகர் கோரினால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்குச் செல்கிறது. மேல்முறையீட்டில் முதல் முடிவைச் சரிபார்க்க இவ்வேற்பாடு உதவுகிறது.

நான்கும் ஒன்றுபோல் இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. எண்ணெயிலும் பாலிலும் நன்றாகக் கலக்கிப் பிரித்தால் அது உண்மையாகும். முழுக் கடலையிலோ, மிளகாயிலோ, மக்காச்சோளத்திலோ அவ்வாறு அமையும் என்பதற்கு உறுதியில்லை. முதற்பகுதியில் நஞ்சு இருந்து, மேல்முறையீட்டுப் பகுதியில் இல்லாமல் போனால் குற்றவாளி தப்பலாம். இதற்கு எதிர்மாறாக நிகழ்ந்தால் நேர்மையான வணிகர் தண்டிக்கப்படலாம்.

ஆய்வுக்கூடத்தின் தகுதியும் சட்டத்தில் வினாவுக்கு உட்பட்டதே. 2015இல் ஓர் உடனடி நூடுல்ஸ் வகையில் ஈயம் மிகுதி என்று கூறி விதிக்கப்பட்ட தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. உற்பத்தியாளரின் தரப்பு முறைப்படி கேட்கப்படவில்லை என்பதும், சோதித்த ஆய்வுக்கூடங்கள் அதற்குரிய அங்கீகாரம் பெற்றவையல்ல என்பதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுக்கூடங்களில் மீண்டும் சோதிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. முறை பிறழ்ந்த ஆய்வு நுகர்வோருக்கும் உதவாது. உற்பத்தியாளருக்கும் நீதி செய்யாது.

செய்ய வேண்டுவன

மாதிரி எடுப்பது கடைநிலைப் பணி என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் வேரூன்றியுள்ளது. கோடிக்கணக்கான ரூபாயில் கருவிகள் வாங்கப்படுகின்றன. புட்டி, பனிப்பெட்டி, குத்தூசி, தூய அமிலம் ஆகியவற்றுக்கு நிதி கேட்டால் தயக்கம் எழுகிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தில் கிராமப் பெண்களுக்கே நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரப்படுகிறது. நீரின் உண்மையை முதலில் கையாளுபவர்கள் அவர்களே. எப்படிச் செய்வது என்பதோடு ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.

மாதிரியோடு செல்லும் சீட்டில் எடுத்த இடம், நாள், நேரம், எடுத்த முறை, எத்தனை இடங்களிலிருந்து எடுக்கப்பட்டது, சேர்த்த பாதுகாப்புப் பொருள், வெப்பநிலை, கைமாறிய ஒவ்வொருவரின் கையொப்பம் ஆகியவை இடம்பெற வேண்டும். அறிக்கையைப் பெறும் அதிகாரி, இறுதியிலுள்ள எண்ணைப் படிப்பதற்கு முன் அந்தச் சீட்டைப் படிக்கப் பழக வேண்டும். சீட்டில் குறையிருந்தால் ஆய்வுக்கூடம் மாதிரியை ஏற்க மறுத்து, புதிய மாதிரி கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதைக் காலதாமதம் என்று எவரும் குறை கூறலாகாது.

பன்ஸ்வாராவில் உண்மை புலப்பட்டது, நோயுற்ற வீட்டின் தானியம் ஆய்வுக்கூடத்தை அடைந்ததனால்தான். கிராமத்துக் கிணற்றுக்கும் குதிருக்கும் சென்று மாதிரி எடுக்கும் ஊழியரின் பயிற்சியிலும் பொறுப்பிலும் மக்களின் உடல்நலம் அடங்கியுள்ளது என்பதை நம் நிர்வாகமும் கல்விக்கூடங்களும் உணர்ந்து செயல்படுதல் வேண்டும்.